பதினோரு அங்குல பெஞ்சு

போன தேர்தலில் ஓட்டுப் போடப் போயிருந்தேன். எங்கள் வார்டுக்குச் சாவடி, செஞ்சியில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளி. வரிசை நீளமாக இருந்ததால், வயதானவர்கள் உட்காரட்டும் என்று வகுப்பறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்து வராந்தாவில் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நல்ல உயரம். வேட்டியை மடித்துக்கொண்டு உட்காரப் போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். ஒருவழியாக பெஞ்சு தட்டுப்பட்டு உட்கார்ந்தபோது அவருடைய முட்டி இரண்டும் மார்புக்கு நேராக வந்து நின்றன.

"இன்னாய்யா பெஞ்சு இது, கோழி அட வைக்கிறதுக்குச் செஞ்சமாரி இருக்குது. எவன் செஞ்சான் இத" என்றார்.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். நான் கையிலிருந்த சீட்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். எவனும் இல்லை பெரியவரே, நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சொன்னால் வரிசை மொத்தத்துக்கும் கதை சொல்ல வேண்டிவரும். அங்கே விழுங்கியதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த பெஞ்சின் ஒரு மூலையில் மஞ்சள் பெயின்ட் உரிந்து, அடியில் பூசிய ரெட் ஆக்சைடு தெரிந்தது. அந்தச் செங்காவி நிறத்தைப் பார்த்தாலே எனக்கு டர்ப்பன்டைன் வாசனை மூக்கில் ஏறிவிடும். கூடவே வெல்டிங் புகையும், தகரக் கூரைக்குக் கீழே வேகிற மத்தியானமும் வந்துவிடும். கோட்டை மலைகள் பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலைச் சாயங்காலம் ஊருக்குள் திருப்பிவிடுமே, அந்த அனல் முதலில் வந்து சேருகிற இடம் எங்கள் பட்டறைதான் என்று நாங்கள் நம்பினோம். திண்டிவனம் ரோட்டில் இருந்தது. பாலிடெக்னிக் முடித்த கையோடு படம் வரைகிற வேலைக்கு அங்கே சேர்ந்தேன். நைனா தடுக்கவில்லை. "நெருப்ப நேரா பாக்காத. கண்ணாடி போட்டுக்க" என்றார். அவ்வளவுதான்.

கேட், ஜன்னல் கம்பி, பீரோ, மாடிப்படிக் கைப்பிடி என்று எதையாவது வரைந்துகொண்டிருப்பேன். நான் முதன்முதலில் வரைந்த கேட்டில் இரண்டு மயில்கள் முகத்தோடு முகம் பார்க்கும். மயில் எல்லாம் அழகாகத்தான் வந்தது. கீல் மாட்டும் பக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டதால் கேட் திறந்தபோது மயில்கள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தன. வெல்டர் ஏழுமலையண்ணன் அதற்கப்புறம் என் படம் எதுவானாலும் தலைகீழாகவும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

முதலாளி பெயர் தரணேந்திரன். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடமாட்டார். அதனால் எங்கள் பட்டறையில் பெரிய முடிவு எதுவானாலும் ஐந்தரை மணிக்குள் எடுத்தாக வேண்டும். அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறாது.

நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து போய் வெளியூரில் வசதியாக இருந்த சிலர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். தாங்கள் படித்த ஆறு தொடக்கப் பள்ளிகளுக்கு பெஞ்சும் டெஸ்க்கும் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். அதுவரை அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்தார்கள். கமிட்டிக்குத் தலைவர் தணிகாசலம். சென்னையில் லாரிகள் வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் ஆள். வேலை எங்களுக்கு வந்தது. "ஹைஸ்கூலுக்கு அடிச்சோமே, அதே படத்தப் போடு. பதினெட்டு அங்குலம். நல்லா இருக்கும்" என்றார் முதலாளி. நானும் அதே படத்தைப் போட்டேன். படத்தில் ஊரின் பெயரை மாற்றியதுதான் நான் செய்த ஒரே வேலை. இதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

மாதிரிக்கு ஒரு ஜோடியைச் செய்து, வல்லத்தைத் தாண்டி இருந்த ஒரு பள்ளிக்கு எடுத்துப் போனோம். கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். தணிகாசலம் பெஞ்சைக் குத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "கெட்டியா இருக்குது. ஆனை ஏறினாலும் தாங்கும். இதையே அடிங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளியும் கிளம்பிவிட்டார். பெயின்ட் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வரும்படி என்னை விட்டுவிட்டுப் போனார்.

தலைமையாசிரியர் சுகுணா டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தூக்கி அந்த பெஞ்சில் உட்கார வைத்தார். 'தூக்கி' என்பதைக் கவனியுங்கள். அப்போது நான் கவனிக்கவில்லை. பவித்ரா என்று பெயர். புது பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்த பெருமையில் அவள் முகம் விரிந்துவிட்டது. டெஸ்க் அவள் அக்குளுக்கு வந்தது. கையைத் தூக்கி வைத்து எழுதிப் பார்த்தாள். பிறகு பெஞ்சின் மேல் மண்டிபோட்டு எழுதினாள். "ஒழுங்கா ஒக்காரு" என்று டீச்சர் சொன்னதும் திரும்ப உட்கார்ந்தாள். கால்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. இரும்பு விளிம்பு முட்டிக்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பெயின்ட் விட்டுப்போன இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. பவித்ரா குதித்தாள். குதித்தவள் நிற்கவில்லை. கால் மடங்கி அப்படியே முன்னால் சரிந்தாள். உதடு டெஸ்க் காலில் பட்டுக் கிழிந்தது. சுகுணா டீச்சர் ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டுவந்து உதட்டில் வைத்து அழுத்தினார். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். உதட்டைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. "டீச்சர், என் காலு எங்கியோ பூடுச்சு" என்றுதான் அழுதாள்.

"பசங்கன்னா விழத்தான் செய்யும். நீ ஏம்மா அழுவுற" என்று சமையல்கார அம்மா என்னைத்தான் தேற்றினார்.

பட்டறைக்குத் திரும்பியபோது ஏழுமலையண்ணன் தன் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த முக்காலியைத் தினமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன். அதன் கால்கள் பாதிக்கு மேல் அறுக்கப்பட்டிருந்தன.

"இது ஏண்ணா இவ்ளோ குட்டையா இருக்குது?"

"எனக்கு வேணுங்கற ஒயரத்துக்கு அறுத்துக்குனேன். இல்லனா இடுப்பு போயிடாதா?"

"அந்தப் பசங்களுக்கு யாருண்ணா அறுப்பாங்க?"

அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "மொதலாளிகிட்ட சொல்லு. மணி இப்பத்தான் நாலு" என்றார்.

முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். "மாதிரி ஓகே ஆயிடுச்சு. பைப்பும் வந்து எறங்கிடுச்சு. இப்பப் போயி இன்னாம்மா?"

"பைப்ப இன்னும் அறுக்கலையே ஐயா."

"எல்லா ஊர்லயும் இதே அளவுதான் அடிக்கிறாங்க. ஒனக்கு மட்டும் இன்னா?"

அந்த நேரத்தில் எங்கிருந்து எனக்கு அது தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. தொண்டூருக்குப் பக்கத்தில் பாறையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல்படுக்கைகள் இருக்கின்றன. முதலாளி வருஷத்துக்கு ஒருமுறையாவது குடும்பத்தோடு போய்க் கும்பிட்டுவிட்டு வருவார். நான் கேட்டேன்: "தொண்டூர் கல்படுக்கையில தலமாட்டுல கொஞ்சம் ஒசத்தி வெட்டியிருக்காங்களே ஐயா. ஒரு ஆள் படுத்தா தல எங்க வரும்னு பாக்காமலா வெட்டினாங்க?"

அவர் மேசைமேல் கிடந்த டேப்பை இழுத்தார், விட்டார். அது 'சர்ர்' என்று உள்ளே போனது. மறுபடி இழுத்தார். "ஒரு வாரம்" என்றார். "ஒரு வாரத்துல அளந்துட்டு வா. கமிட்டிக்கு நான் இன்னா சொல்றதுன்னு நீயே சொல்லு."

அந்த ஒரு வாரத்தைப்போல நான் வாழ்க்கையில் அலைந்ததில்லை. முதல் தப்பு, அமாவாசைக்கு மறுநாள் அளக்கப் போனது. பாதிப் பிள்ளைகள் குடும்பத்தோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய், ராத்திரியெல்லாம் கண்விழித்துவிட்டு இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். வந்திருந்த மிச்சப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். தூங்குகிற பிள்ளைக்கு முட்டி உயரம் அளக்க முடியாது. இரண்டாவது தப்பு, தையற்காரர் டேப். முட்டிக்குப் பின்னால் டேப் பட்டதும் ஒரு பிள்ளை கூச்சத்தில் நெளிந்தது. அதைப் பார்த்து அடுத்த பிள்ளை நெளிந்தது. நான் தொடுவதற்கு முன்பே மொத்த வரிசையும் நெளிந்தது.

ஏழுமலையண்ணன்தான் வழி சொன்னார். "புள்ளைய ஏன் அளக்குற? காலுக்கு அடியில பலகைய அளேன்." ஓர் உயரமான நாற்காலியும், அரை அங்குலக் கனத்தில் ஒரு கட்டுப் பலகைத் துண்டுகளும் செய்து கொடுத்தார். பிள்ளையை உட்கார வைத்துக் கால் தொங்கவிட்டு, பாதம் முழுசாகப் படியும்வரை ஒவ்வொரு பலகையாக அடியில் அடுக்க வேண்டும். பலகையின் மேலிருந்து இருக்கைவரை எவ்வளவோ, அதுதான் அந்தப் பிள்ளைக்கு பெஞ்சின் உயரம். கையை மடக்கச் சொன்னால் முழங்கை எங்கே வருகிறதோ, டெஸ்க் அங்கே. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. "எனக்கு எத்தினி பலக மிஸ்?" "அவனுக்கு மூணு, எனக்கு அஞ்சா?" என்று போட்டி. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் நிறையப் பலகை என்பதால் வாழ்க்கையில் முதல்தடவையாகக் குட்டையாக இருப்பவர்கள் ஜெயித்தார்கள்.

அளந்தபின்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினோரு அங்குலம் போதும். நாங்கள் செய்துவைத்திருந்தது பதினெட்டு. பவித்ரா உட்கார்ந்திருந்தது பெஞ்சில் இல்லை, மதில்மேல். இன்னொன்று, ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பிள்ளைகளுக்குள் மூன்று அங்குலம் வித்தியாசம் வந்தது. வகுப்பைப் பார்த்து பெஞ்சு செய்ய முடியாது, காலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆகவே பதினொன்று, பன்னிரண்டரை, பதினாலு என்று மூன்று அளவு வைத்தேன். மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று நிறம். எந்த நிறத்தில் உட்கார்ந்தால் பாதம் படிகிறதோ அது அந்தப் பிள்ளையுடையது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற பிள்ளைக்குச் சின்னதையே கொடுக்கச் சொல்லி எழுதினேன். பெஞ்சு கொஞ்சம் குட்டையாக இருந்தால் காலை நீட்டிக்கொள்ளலாம். உயரமாக இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? முன்விளிம்பில் பட்டைக்கம்பியை எடுத்துவிட்டு உருண்டை பைப்பை வைத்தது ஏழுமலையண்ணன். "சதையில வெட்டாது பாரு" என்று தன் தொடையிலேயே வைத்து அழுத்திக் காட்டினார்.

மூன்று மாதிரிகளும் தயாராயின. தணிகாசலம் பட்டறைக்கு வந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

"இன்னா இது, பொம்ம வெளயாட்டு சாமானா? போட்டோ புடிச்சா பெஞ்சே தெரியாது. பைப்புல மிச்சம் புடிச்சிட்டானுவன்னு ஊரு பேசும். அடுத்த வருஷம் புள்ளைங்க வளந்துடும், அப்ப இத இன்னா பண்றது?"

"புள்ளைங்க அடுத்த நெறத்துக்குப் போயிடுவாங்க சார். பெஞ்சு அங்கியே இருக்கும்" என்றேன்.

"வேணாம்மா. அந்த மொத மாதிரியே அடிங்க. இல்லனா வேற பட்டறைய பாத்துக்குறோம்."

அவர் போனபின் முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் போய் ஏழுமலையண்ணன் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். தணிகாசலம் கெட்டவர் இல்லை. தான் படித்த பள்ளிக்கு எதையோ பெரிதாகச் செய்யத்தான் ஆசைப்பட்டார். அவருக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. எப்படித் தெரியும்? அவர் கால்தான் எங்கே உட்கார்ந்தாலும் தரையைத் தொட்டுவிடுமே.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். பவித்ராவுக்குப் பதினெட்டு என்றால், தணிகாசலத்துக்கு எவ்வளவு? அதே விகிதத்தில் இருபத்தெட்டு அங்குலம் வந்தது. டெஸ்க் கிட்டத்தட்ட நாலடி. காகிதத்தை ஏழுமலையண்ணனிடம் நீட்டினேன். அவர் வழக்கம்போல அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, "நாளைக்கு மத்தியானம் ரெடி" என்றார்.

முதலாளியிடம் சொல்லத்தான் பயம். அவர் அந்தப் பூத பெஞ்சைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "தணிகாசலத்த கடசியா ஒருதரம் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

குட்டியானை வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு நாங்கள் வல்லம் வழியாகப் போனபோது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூட முற்றத்தில் இறக்கினோம். பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். தணிகாசலம் காரைவிட்டு இறங்கி, அதைப் பார்த்து நின்றார்.

"இன்னா இது?"

"உங்களுக்கு அடிச்ச பெஞ்சு சார். பவித்ராவுக்கு நாங்க அடிச்ச அதே பெஞ்சு. உங்க ஒயரத்துக்கு."

அவர் முகம் இறுகியது. திரும்பிப் போகப் போகிறார் என்று நினைத்தேன். அப்போது முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சின் குறுக்குக் கம்பியில் கால் வைத்து, இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை ஏறி உட்கார்ந்துவிட்டார். குள்ளமான மனிதர். அவர் கால்கள் இரண்டும் சாவி கொடுத்த பொம்மையின் கால்கள்போல நீட்டிக்கொண்டிருந்தன. "வாங்க, ரெண்டு பேர் ஒக்கார்ற பெஞ்சுதான்" என்று பக்கத்தில் தட்டினார்.

அதற்குமேல் தணிகாசலத்தால் மறுக்க முடியவில்லை. ஏறினார். சுகுணா டீச்சர் ஆளுக்கொரு சிலேட்டைக் கொடுத்து, "எழுதுங்க" என்று ஒன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வாத்தியார் குரலுக்கு அறுபது வயதிலும் மனிதன் கட்டுப்படுகிறான். இரண்டு பேரும் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் தணிகாசலம் நெளிந்தார். முன்னால் நகர்ந்தார், பின்னால் நகர்ந்தார். காலை ஆட்டத் தொடங்கினார்.

"கால ஆட்டக் கூடாது" என்றது கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளைக் குரல்.

அவர் ஆட்டுவதை நிறுத்தினார். முதலாளி மேற்கே பார்த்து, "பொழுது சாயுது, நான் போயி சாப்புடணும். சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

தணிகாசலம் சிலேட்டை வைத்தார். இறங்குவதற்குத் தரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு, அந்த இரண்டடிச் சொச்சத்துக்குத் தயங்கியது. "ஏழுமல, ஒரு கை குடுப்பா. காலு மரத்துக்குச்சு" என்றார். இறங்கி, காரின்மேல் சாய்ந்துகொண்டு தொடையைத் தேய்த்தார். முன்வரிசையில் நின்ற பவித்ராவின் உதட்டில் தழும்பு இன்னும் மறையவில்லை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த மூணு நெறத்தையே அடிங்க. ஆறு பள்ளிக்கூடத்துக்கும்" என்றார்.

நான் கத்தவில்லை, குதிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், குழாயைத் திறந்து, தேவையே இல்லாமல் முகம் கழுவினேன். மூன்று தடவை கழுவினேன்.

பெஞ்சுகள் வந்து இறங்கிய அன்று கமிட்டி, பஞ்சாயத்து, மாலை, மைக் எல்லாம் இருந்தது. அதெல்லாம் மங்கிவிட்டது. நினைவில் நிற்பது அதற்கு அப்புறம் நடந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மூன்று நிறத்திலும் உட்கார்ந்து பார்த்து, தங்கள் நிறத்தைக் கண்டுபிடித்தார்கள். யாரையும் யாரும் தூக்கிவைக்கவில்லை. பவித்ரா மஞ்சளில் தானாகப் போய் உட்கார்ந்தாள். பாதத்தைத் தரையில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். "டீச்சர், கீழ தர இருக்குது" என்று அறிவித்துவிட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தாள். வகுப்பறை அமைதியாகிவிட்டது. நாற்பது ஜோடிக் கால்கள் தரையில். வாசலில் நின்றுகொண்டிருந்த ஏழுமலையண்ணன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெயின்ட் வாசன இன்னும் போவல" என்றார்.

அடுத்த வருஷமே இரண்டு ஊர்ப் பட்டறைக்காரர்கள் யாரையும் கேட்காமல் எங்கள் அளவுகளைத் திருடிப் போனார்கள். நிறத்தைக்கூட மாற்றவில்லை. முதலாளி கோபப்படுவார் என்று பார்த்தேன். "திருடினாலும் சரியானதத்தானே திருடினான்" என்று சொல்லிவிட்டார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், ஜன்னல் வழியாக அந்தத் திருட்டு பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு வந்தேன். விளிம்பில் உருண்டை பைப் வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

இப்போது பட்டறை இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட செல்போன் ஷோரூம் இருக்கிறது, உள்ளே ஏசி. ஏழுமலையண்ணன் மகனோடு ஓசூர் போய்விட்டார். முதலாளி காலமாகிவிட்டார். பூத பெஞ்சு ரொம்ப நாள் பட்டறை வாசலில் நின்றது. மின்விசிறி மாட்டுவதற்கு ஏணியாகக்கூட உதவியது. கடைசியில் பழைய இரும்போடு போயிற்று. பிள்ளைகளின் அளவுகளை எழுதிவைத்த நோட்டு, வீடு மாறியபோது எங்கோ தொலைந்தது.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பேச்சுக்கொடுத்ததில் வல்லம் பக்கத்து அதே பள்ளியில்தான் படித்ததாகச் சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எங்கள் பெஞ்சு வந்ததற்கு அடுத்த வருஷம் சேர்ந்திருக்கிறாள். பள்ளியைப் பற்றி அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சத்துணவு முட்டை, வகுப்புக்குள் புகுந்த ஆடு, சுகுணா டீச்சரின் ஊதாப் புடவை, எல்லாவற்றையும் சொன்னாள். நான் தாங்கமாட்டாமல், "பெஞ்செல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் விசைப்பலகையில் கையை நிறுத்தி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பாவம்.

"பெஞ்சா? இருந்திருக்கும் மேடம். நான் கவனிச்சதே இல்ல" என்றாள்.

வெளியே வந்து, வண்டியைக்கூட எடுக்காமல் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். ஒரு பிள்ளை ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறது, ஒருநாள்கூடக் கால் மரத்ததில்லை, கவனித்ததே இல்லை. வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன்.